இத்தனூண்டு மீனுக்கு ஒரு வக்காலத்து

ஸ்ரீரங்கம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கேள்விக்குப் பதில் சொல்ல வாயெடுத்தபோது துறையூர் பஸ் வந்து நின்றுவிட்டது. பச்சைமலை மேல் டாப் செங்காட்டுப்பட்டியில் அந்த பஸ்ஸை விட்டால் அன்றைக்கு நான் கீழே இறங்கியிருக்க முடியாது. அதனால் பதிலை எழுத்தில் அனுப்புகிறேன். கொஞ்சம் நீளும். பொறுமையாகப் படி.

அன்று நான் போட்டுக் காட்டிய கடல் படத்தில், பவளக் கிளைக்கு நடுவே குந்தியிருந்த மஞ்சள் மீனைக் காட்டி, "இத்தனூண்டு மீன் இல்லாமப் போனா கடலுக்கு என்னய்யா நட்டம்?" என்று கேட்டாய். பின்வரிசையில் சிரித்தார்கள். சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. படித்தவர்கள் பலர் இந்தக் கேள்வியைக் கேட்காமலே "ஒன்றும் நட்டமில்லை" என்று மனசுக்குள் முடிவுகட்டி வைத்திருக்கிறார்கள். நீ வாய்விட்டுக் கேட்டாய். அதற்காகவே உனக்கு ஒழுங்கான பதில் கிடைக்க வேண்டும்.

அதே வாரம் திருச்சியில் ஒரு மீன்தொட்டிக் கடைக்குப் போயிருந்தேன். கடல்மீன் தொட்டியில் அதே மஞ்சள் மீன், பெயர் கோபி, சுண்டுவிரலில் பாதி நீளம். ஒரு அப்பா தன் மகளுக்காக விலை கேட்டார். கடைக்காரர் சொன்னார்: "குஞ்சு சார், போகப்போக வளரும்." எனக்குச் சுருக்கென்றது. அது குஞ்சு அல்ல. முட்டையிட்டுக் குடும்பம் நடத்தக்கூடிய முழு மீன். மூன்று, மூன்றரை சென்டிமீட்டரோடு அதன் வளர்ச்சி முடிந்துவிடும். சின்னதாக இருந்தால் அது இன்னும் முடியாத ஒன்று, பெரிதாகும் வரை கணக்கில் வராத ஒன்று என்ற எண்ணம் கடைக்காரருக்கு மட்டும் உள்ளதல்ல. கடல் பற்றிய பாடப்படங்களைப் பார். சுறா, ஆமை, கடல்தாமரைக்குள் ஒளியும் கோமாளி மீன். கோபியை யாரும் வரைவதில்லை. இருபது வருஷத்துக்கு முன் வந்த சுவரொட்டியிலும் இல்லை, நேற்று அச்சானதிலும் இல்லை.

பவளம் உயிரினம் என்பதும், அதன் உடலுக்குள் நுண்பாசி குடியிருப்பதும், வெப்பம் கூடினால் பாசியை இழந்து அது வெளுத்துப்போகும் என்பதும் உனக்குத் தெரியும். இறாலும் கோபியும் ஒரே வளையில் கூட்டுக் குடித்தனம் நடத்துவதை அன்று படத்திலேயே பார்த்தாய். அழகான கதைதான். ஆனால் எல்லோரும் அதையே சொல்வதால் கோபி என்றாலே இறாலுக்குக் காவல்காரன் என்று ஆகிவிட்டது. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

இந்த மீனின் சொந்தக்காரன் ஒருவனை நீ பார்த்திருப்பாய். கொள்ளிடத்து மணலில், நிறமே தெரியாமல் ஒட்டிக் கிடந்து, கால் பட்டதும் சரேலென்று ஓடுமே, அந்த உளுவைதான். ஆற்றில் வாழும், ஏரி குளத்தில் வாழும், உப்பங்கழியிலும் வாழும். கங்கை மீன்களைப் பற்றிப் பிரான்சிஸ் ஹாமில்டன் 1822-ல் வெளியிட்ட நூலில் அதற்கு அறிவியல் பெயர் கொடுத்தார். மஞ்சள் கோபியும் அதுவும் ஒரே பெரிய குடும்பம். இரண்டுக்கும் அடிவயிற்றுத் துடுப்புகள் சேர்ந்து ஒரு கிண்ணம்போல ஆகியிருக்கும். உளுவை அதைக்கொண்டு ஓடும் தண்ணீரில் கல்லைப் பற்றிக்கொள்கிறது. கோபி அலையடிக்கும் பாரில் பவளக் கிளையைப் பற்றிக்கொள்கிறது. 'பார்' என்பது மன்னார் வளைகுடா மீனவர்கள் சொல்லும் சொல். பவளப்பாறையை இனி அப்படியே சொல்கிறேன்.

சின்ன மீன்கள் ஏன் கவனத்துக்கு வரவில்லை என்பதற்கு ஒரு காரணம் பழைய மீன் நூல்களிலேயே இருக்கிறது. எனக்கு அந்த நூல்கள் மேல் தீராத ஆசை. தரங்கம்பாடியில் இருந்த மிஷனரி ஜான், நம் கரையில் கிடைத்த மீன்களைப் பாடம்செய்து பெர்லினுக்கு அனுப்பினார். அங்கே மார்கஸ் பிளாக் என்ற மருத்துவர் அவற்றுக்குப் பெயர் வைத்தார். ஒரு மீன் பேரினத்துக்கு ஜானின் நினைவாக ஜோனியஸ் என்று பெயரிட்டார், அது இன்றும் வழங்குகிறது. பிறகு சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டார். அதிலுள்ள படங்களைப் பார்த்தால் நேரம் போவதே தெரியாது. ஆனால் இவர்களுக்கு வந்த மீன்களில் பெரும்பாலானவை வலையில் விழுந்து கரைக்கும் சந்தைக்கும் வந்தவை. இரண்டு சென்டிமீட்டர் மீன் எந்த வலையில் நிற்கும்? அது கண்ணியைக் கடந்து போய்விடும். போகாவிட்டாலும் சந்தையில் அதை யார் கூறுகட்டுவார்கள்? பவளப் பொந்துகளில் வாழும் மீன்களை உள்ளபடி பார்க்க, மனிதன் மூச்சுக்கருவி கட்டிக்கொண்டு கீழே இறங்க வேண்டியிருந்தது. அது நடந்தது சென்ற நூற்றாண்டின் நடுவில்தான். ஆகவே சின்ன மீனைப் பற்றிய நம் அறியாமைக்குக் கடல் காரணமல்ல, வலைக்கண்ணின் அளவே காரணம்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன்.

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் எவியோட்டா சிகில்லாட்டா என்ற கோபி இருக்கிறது. இரண்டு சென்டிமீட்டரைத் தொட்டால் அதிகம். ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெப்சின்ஸ்கியும் பெல்வுடும் அதன் வயதைக் கணக்கிட்டு 2005-ல் வெளியிட்டார்கள். மீனின் தலைக்குள் காதுக்கல் என்று மிகச்சிறிய சுண்ணக்கல் உண்டு. குஞ்சுப் பருவம் தொட்டு நாளுக்கு ஒரு வளையமாக அதில் படியும். கல்லை மெல்லியதாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்து வளையங்களை எண்ணினார்கள். எத்தனையோ மீன்களை எண்ணியும் அதிகபட்ச வயது 59 நாள். முதுகெலும்புள்ள எந்த உயிருக்கும் இதைவிடக் குறைந்த ஆயுள் பதிவானதில்லை.

அந்த 59 நாளை அது எப்படிச் செலவிடுகிறது என்று பார். முதல் மூன்று வாரம், கண்ணாடிபோன்ற குஞ்சாகத் திறந்த கடல்நீரில். பிறகு பாருக்கு வந்து இறங்கி, ஒன்றிரண்டு வாரத்தில் பருவம் எய்திவிடும். மிச்சம் இருப்பது மூன்றரை வாரம். அதற்குள் பெண்மீன் மூன்று ஈடு முட்டையிடும். மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 400 முட்டை. ஆண் பக்கத்திலேயே இருந்து முட்டைகளைக் காவல் காக்கும். காக்காமல் முடியாது. லட்சக்கணக்கில் முட்டையைக் கடலில் விசிறிவிட்டுப் போகும் பெரிய மீனின் வழி இதற்குக் கட்டாது. இந்தச் சின்ன வயிற்றில் அத்தனை முட்டைக்கு இடமில்லை.

இதைப் படித்ததும் பலர் "ஐயோ பாவம்" என்பார்கள். நீ அப்படிச் சொல்லாதே. இந்த மீனுக்கு அவசரம் இருப்பதற்குக் காரணம், அதைத் தின்கிறவர்கள் ஏராளம். எவியோட்டா வகைகளில் நாளொன்றுக்கு நூற்றுக்கு 2 முதல் 8 வரை சாகின்றன. வளர்ந்து பெரிதாகலாம் என்று காத்திருக்கும் மீன் முட்டையிடுமுன்பே யாருடைய வாயிலோ போயிருக்கும். சீக்கிரம் பருவமடைய வேண்டுமென்றால் சின்னதாகவே நின்றுகொள்ள வேண்டும். அந்த அளவில் நின்றால்தான் பவளத்தின் இண்டு இடுக்கிலும் புழுத்துளையிலும் வீடு கிடைக்கும். சிறு உடம்பும் குறைந்த ஆயுளும் அதற்கு வாய்த்த குறைகள் அல்ல. அந்த இடத்தில் பிழைக்க அதுவே வழி.

இங்கேதான் கடலுக்கு என்ன நட்டம் என்பதன் கணக்கு தொடங்குகிறது. ஒரு பாரில் உள்ள மீன்களையெல்லாம் ஒரே நாளில் பிடித்துத் தராசில் போட்டால், இந்தச் சின்ன மீன்களின் பங்கு மிகக் குறைவாகத்தான் நிற்கும். களவா, ஊளி, கிளிமீன் பக்கத்தில் இவை எம்மாத்திரம்? நூறு வருஷமாக நாம் அந்தத் தராசைத்தான் பார்த்தோம். ஆனால் தராசு சொல்வது அன்றைக்கு இருப்பதை மட்டும். உன் வீட்டுக் கொல்லையில் ஒரு பலாமரமும் ஒரு கீரைப்பாத்தியும் இருக்கின்றன என்று வை. எந்த நாளில் எடை போட்டாலும் மரந்தான் கனம். ஆனால் வருஷம் முழுக்க அடுப்புக்கு எது வந்தது என்று உன் அம்மாவைக் கேட்டால் பதில் வேறு.

2019-ல் சைமன் பிராண்டல் என்பவரும் கூட்டாளிகளும் இந்தக் கணக்கைப் பார்களுக்குப் போட்டார்கள். ஐந்து சென்டிமீட்டருக்குள் அடங்கி, தரையோடு ஒட்டி, ஒளிந்து வாழும் மீன்களை ஒரு கூட்டமாக எடுத்துக்கொண்டார்கள். அதில் கோபிகளே பெரும்படை. பார்களில் பிற உயிர்களுக்கு இரையாகும் மீன் எடையில் கிட்டத்தட்ட 60 விழுக்காடு இவற்றிடமிருந்து வருகிறது என்று கண்டார்கள். பாதிக்கு மேல்! தின்னத் தின்ன, அந்த இடத்தில் அடுத்தது வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. அது எப்படி முடிகிறது என்றால், பெரும்பாலான பார் மீன்களின் குஞ்சுகள் திறந்த கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டுப் பெருமளவு அழிந்துபோகின்றன. இந்தச் சிறுமீன்களின் குஞ்சுகளோ பாரை ஒட்டிய நீரிலேயே அதிகமாகத் தங்குகின்றன. பிறந்த வீட்டைச் சுற்றியே வளர்ந்து, அங்கேயே குடியேறி, அங்கேயே இரையாகின்றன.

பார்களைச் சுற்றியுள்ள வெப்பக்கடல் நீர் ஊட்டச்சத்து குறைந்தது. அதனால்தான் அது அத்தனை தெளிவாக இருக்கிறது. அந்தத் தெளிந்த நீரில் இவ்வளவு மீன் எப்படிப் பிழைக்கிறது என்பது டார்வின் காலத்திலிருந்து கேட்கப்படும் கேள்வி. பவளத்துக்குள் இருக்கும் பாசி, கடற்பஞ்சு, நுண்ணுயிர் என்று விடைகள் பல துண்டுகளாகக் கிடைத்திருக்கின்றன. அதில் ஒரு பெரிய துண்டு இந்த விரல்நுனி மீன். புழுபூச்சி அளவுள்ள இரையைத் தின்று மீன் இறைச்சியாக மாற்றி மேலே அனுப்புகிறது. களவாவை உயர்த்திப் பேசுகிறவர்கள் அந்தக் களவா சின்ன வயதில் எதைத் தின்று வளர்ந்தது என்பதையும் பேச வேண்டும்.

இத்தோடு விட்டிருந்தால் கோபியை வெறும் தீனி என்று நீ நினைத்துக்கொள்வாய். அதற்கு இடம் கொடுக்க மாட்டேன். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இனிமேல்தான் வருகிறது. இதைச் சொல்லத்தான் கடிதமே எழுதினேன் என்று வைத்துக்கொள்.

ஃபிஜித் தீவுகளின் பார்களில் மான்கொம்புபோலக் கிளைவிடும் அக்ரோபோரா பவளம் உண்டு. படத்தில் நீ கண்ட மஞ்சள் மீனின் நெருங்கிய உறவான கோபியோடான் ஹிஸ்ட்ரியோ அதன் கிளைகளுக்குள் குடியிருக்கும். ஒரு பவளத்தில் பெரும்பாலும் ஒரு சோடி. அந்தக் கடலில் பச்சை மயிர்க்கற்றை போல ஒரு பாசியும் வளர்கிறது. அதன் பெயர் குளோரோடெஸ்மிஸ். அதன் நஞ்சு, தொட்ட இடத்தில் பவளத்தைக் கொல்லும். டேனியல் டிக்சனும் மார்க் ஹேயும் ஒரு சோதனை செய்து 2012-ல் எழுதினார்கள். கோபி உள்ள பவளத்திலும் இல்லாத பவளத்திலும் அந்தப் பாசியைத் தொடும்படி வைத்தார்கள். கோபி இருந்த பவளத்தில் கால்மணி நேரத்துக்குள் மீன்கள் வெளியே வந்து பாசியைக் கடித்து வெட்டத் தொடங்கின. மூன்று நாளில் பாசி 30 விழுக்காடு குறைந்தது. பவளத்துக்கு நேர்ந்த சேதமோ, கோபி இல்லாத பவளத்தோடு ஒப்பிட்டால், 70 முதல் 80 விழுக்காடு வரை குறைவு.

கோபிக்கு எப்படித் தெரிந்தது? பாசியைப் பார்த்து வந்ததா, மணந்து வந்ததா? அதையும் பிரித்துப் பார்த்தார்கள். பாசியின் நீரை மட்டும் விட்டால் மீன் அசையவில்லை. பாசி தொட்டுக் காயம்பட்ட பவளத்தைச் சுற்றியுள்ள நீரை எடுத்து விட்டால் உடனே வந்தது. கூப்பிட்டது பவளம்! கண்ணும் காதும் மூளையும் இல்லாத ஓர் உயிர், வேதிப்பொருள் ஒன்றை நீரில் கரைத்துவிட்டுத் தன் குடித்தனக்காரனைக் கூப்பிடுகிறது. குடித்தனக்காரன் வந்து களை எடுக்கிறான். அதே பவளத்தில் ஒண்டியிருந்த வேறு சின்ன மீன்கள் உதவிக்கு வரவில்லை. கோபிதான் வந்தது. தம்பி, இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்றும் கேள். கோபியோடானுக்குச் செதில் கிடையாது. செதிலுக்குப் பதில் நஞ்சுள்ள வழவழப்பு உடம்பைப் போர்த்தியிருக்கும். அந்தப் பாசியைத் தின்ற மீனின் வழவழப்பில் நஞ்சு இன்னும் கூடியிருந்தது. களை எடுத்த கூலி அதன் தோலிலேயே சேர்ந்துவிடுகிறது.

இங்கே என் சொந்தத் துணிபு ஒன்றைச் சொல்கிறேன். ஃபிஜியில் கண்டதை நம் கடலுக்கு நீட்டிப் பார்க்கிறேன், அவ்வளவே. மன்னார் வளைகுடாவில் கப்பாஃபைக்கஸ் என்ற அயல்பாசி நுழைந்தது. பிலிப்பைன்ஸ் பக்கத்துச் சரக்கு. கூழ்மப் பொருள் எடுப்பதற்காகப் பாக் நீரிணையில் வளர்க்கப்பட்டது. கரையோரப் பெண்கள் பலருக்கு அதில் பிழைப்பு உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் அது வளர்ப்பிடம் தாண்டிக் குருசடைத் தீவின் பவளங்கள் மேல் ஏறிப் போர்த்திவிட்டது என்று 2008-ல் ஆய்வறிக்கை வந்தது. தடித்த பாசி அது. அத்தனை தடிப்பை ஒரு கோபி கடித்துத் தள்ளாது. ஆனால் பவளத்தில் ஏறும் பாசி எல்லாம் அத்தனை தடித்ததல்ல. நூலிழையாக ஒட்டுவனவும் உண்டு. கிளைப் பவளம் உயிரோடும் குடித்தனத்தோடும் இருக்கும் பாரில் நூலிழைப் பாசிக்குக் காலூன்ற இடம் கிடைப்பது கடினம், வெறிச்சோடிய பவளத்தில் எளிது என்பது என் எண்ணம். சிறுமீன்கள் போன பார், பெரிய இழப்பு வருமுன்பே பாதி தோற்றுவிட்டது. இதை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்காமல் வாதாடுவேன்.

ஆஸ்திரேலியாவின் லிசர்ட் தீவில் 2014, 2015-ல் அடுத்தடுத்துப் புயலும், 2016, 2017-ல் அடுத்தடுத்து வெளிறலும் வந்தன. சில ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தவர்கள், பவளம் மீளத் தொடங்கிய வேகத்தில் கோபிகள் மீளவில்லை என்று எழுதினார்கள். பெரும்பாலான பவளங்கள் ஆளில்லாத வீடுகளாக நின்றன. தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் பவளத் துண்டுகளை நட்டு வளர்த்து வருகிறார்கள். அரிய வேலை. பவளம் பிழைத்ததா என்று மட்டும் பார்த்து நிறுத்தாமல், அதில் குடிவந்தவர் யார் என்றும் எண்ண வேண்டும் என்று நான் ஏன் சொல்கிறேன் என்பது உனக்கு இப்போது விளங்கும்.

மீன்தொட்டிக்காரர்கள் கோபியின் மேல் ஒரு புகார் வைத்திருக்கிறார்கள்: பவளத்தைக் கடிக்கிறதாம். ஆமாம், கடிக்கும். முட்டை ஒட்டுவதற்காகக் கிளையில் ஒரு சிறு வளையம் அளவுக்குப் பவளத்தின் சதையைச் சுரண்டிவிடும். கடலில் வளர்ந்து பரந்த பவளத்துக்கு அது ஒரு கீறல். தொட்டியில் நீங்கள் உள்ளங்கையளவு பவளத்தை வைத்து அதில் ஒரு சோடியையும் விட்டால், பழியை மீன் மேல் போடுவது நியாயமா? ஒரே பாலான இரண்டு மீனை விட்டிருந்தோமே, முட்டை எப்படி வந்தது என்று வியப்பவர்களும் உண்டு. கோபியோடான் ஆணிலிருந்து பெண்ணாகவும் பெண்ணிலிருந்து ஆணாகவும் இரு பக்கமும் மாறக்கூடியது. பிலிப் மண்டே என்பவர் இதை ஆராய்ந்தார். துணையைத் தேடிப் பவளத்துக்குப் பவளம் நீந்தினால் இந்த அளவு மீன் வழியிலேயே இரையாகிவிடும். ஆகவே பக்கத்தில் யார் வாய்த்தாலும் சோடி சேரும்படி உடம்பே மாறிக்கொள்கிறது. எல்லாம் அந்த அளவிலிருந்துதான் வருகிறது, கவனி.

"கடல் எங்களுக்கு ரொம்பத் தூரம்யா" என்று உன் பக்கத்துப் பையன் சொன்னான். ராமேஸ்வரம் இருநூறு கிலோமீட்டருக்கு மேல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவனிடம் சொல். பச்சைமலையின் கிழக்கு விளிம்பில் நின்றால் கீழே விரியும் பெரம்பலூர், அரியலூர்ச் சமவெளிப் பக்கம் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது. ஊட்டத்தூர், காரை ஓடைகளில் இன்றும் சுருள்சங்கு போன்ற அம்மோனைட் படிவங்கள் கிடைக்கின்றன. பிளான்ஃபோர்டு 1862-ல் இந்தப் பாறைகளைப் பற்றி எழுதினார், ஸ்டோலிச்கா அவற்றிலிருந்த உயிர்ப்படிவங்களைத் தொகுதி தொகுதியாக வருணித்தார். கல்லக்குடியில் சிமெண்டுக்கு வெட்டும் சுண்ணக்கல்லில் அந்தப் பழங்கடலின் பவளமும் பாசியும் சேர்ந்து கட்டிய பாறை உண்டு. அந்தப் பாரில் கோபி இருந்திருக்காது. கோபிகளின் பழைய படிவங்கள் ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளில்தான் கிடைக்கின்றன. இன்றைய பார் கோபியோடு சேர்ந்து அமைந்த பார். பழைய பாரை வைத்து "அப்போது இல்லாமலே நடந்ததே" என்று யாராவது வாதிட்டால் ஏமாறாதே.

உயிருள்ள பாரையும் நாம் சுண்ணாம்புக்காக வெட்டினோம். தூத்துக்குடிப் பக்கம் பல பத்தாண்டுகள் பவளக்கல் தோணி தோணியாகக் கரைக்கு வந்தது. அலையைத் தாங்கிய பார் போனதும் மணல் நிற்கவில்லை. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 2001-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் கல்பவளங்களைச் சேர்த்தார்கள். ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம். நல்ல சட்டம். பவளத்தை எண்ணி எழுதப்பட்டது, ஆனால் வீட்டைக் காப்பதால் குடியிருப்பவனும் ஓரளவு பிழைக்கிறான்.

கடைத்தொட்டிக்கு வரும் மீனின் கதை எல்லாக் கடலிலும் இப்படி இல்லை. பவள இடுக்கில் ஒளிந்த மீனை மயக்கிப் பிடிக்கச் சயனைடு கரைசலைப் பீய்ச்சும் வழக்கம் பிலிப்பைன்ஸில் 1960-களில் தொடங்கி, பிறகு இந்தோனேசியாவுக்கும் பரவியது. தடை வந்தும் முழுக்க ஒழியவில்லை. கிளைக்குள் இருப்பதை எடுக்கக் கிளையையே உடைப்பதும் உண்டு. ஒரு சின்ன மீனுக்காக எத்தனை வருஷத்துப் பவளம் போகிறது என்று எண்ணிப் பார். தொட்டி வைப்பதே பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்கக் கடல்களின் நீலவரி நியான் கோபி, பெரிய மீன்களின் உடம்பில் ஒட்டுண்ணி பொறுக்கித் தின்பது. பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்க்கப்பட்ட முதல் கடல் அழகு மீன்களில் அதுவும் ஒன்று. அப்படிப் பண்ணையில் பிறந்ததை வாங்கலாம். வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு பெரிசாகும்?" அல்ல, "எங்கே பிறந்தது?" கடைக்காரருக்குப் பதில் தெரியாவிட்டால் வாங்காமல் வந்துவிட வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

விலங்கியல் எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். எடு. கடலைப் படிக்கக் கடற்கரையில் பிறந்திருக்க வேண்டியதில்லை. திருச்சியிலேயே பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல் அறிவியல் துறை இருக்கிறது. மலையிலிருந்து இறங்கி வருகிறவனுக்கு அது ஒரு பஸ் மாறும் தூரந்தான். அதற்கு முன் ஒரு வேலை செய். துறையூர்ப் பக்கம் ஏரியில் வலை போடுகிறவர்களிடம் சொல்லி ஓர் உளுவையை உயிரோடு வாங்கு. தண்ணீர் ஊற்றிய கண்ணாடி டம்ளரில் விட்டுக் கீழிருந்து பார்த்தால் வயிற்றுக் கிண்ணம் தெரியும். அது கண்ணாடியில் எப்படிப் பற்றுகிறது, எதை அழுத்துகிறது, எப்போது விடுகிறது என்று பார்த்து எழுது. முதுகில் இரண்டு துடுப்பு இருக்கும். முதல் துடுப்பில் முட்கள் ஆறு இருக்க வேண்டும், எண்ணிச் சொல். பிறகு மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிடு. படம் வரைந்து அனுப்பினால் திருத்தி அனுப்புகிறேன். குருசடைத் தீவின் உயிர்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927-ல் கிரேவ்லியை ஆசிரியராகக் கொண்டு வெளியிட்ட தொகுப்பின் நகல் என்னிடம் இருக்கிறது. அடுத்த முறை மலைக்கு வரும்போது கொண்டுவருகிறேன். உன் பக்கத்துப் பையனையும் இருக்கச் சொல்.

அன்புடன்,
உன் ஆசிரியர்